சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடுகிறதா? ஹெட்டை இறக்கும் முன் ஃபேன் வயரைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். 2012 மாடல் பெட்ரோல் கார், எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின். இரண்டு மாதமாக, சாவியைத் திருப்பி வெளியே எடுத்த பிறகும் மூன்று நான்கு விநாடி ஓடிவிட்டுத்தான் இன்ஜின் நிற்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்து உடனே அணைத்தாலும் அப்படித்தான். அதற்குச் சில நாள் முன்பு சில்க் போர்டு நெரிசலில் வண்டி சூடாகி நின்றது. வழியில் ஒரு மெக்கானிக் ரேடியேட்டர் ஃபேனை ஓட வைத்துக் கொடுத்தார். இப்போது ஒர்க்‌ஷாப்பில், "உள்ளே கார்பன் பிடித்திருக்கிறது. டீகார்பனைசிங் செய்வோம், கேட்காவிட்டால் ஹெட்டை இறக்கணும்" என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இன்ஜினின் மேல்மூடியான ஹெட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: காலையில் குளிர்ந்த இன்ஜினிலும் இது நடக்கிறது, ஃபேனில் யாரோ கை வைத்த பிறகுதான் தொடங்கியிருக்கிறது.

கார்பன் கதை முழுப் பொய் இல்லை, பழைய கதை. காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர் வைத்த மாருதி 800, பிரீமியர் பத்மினி, அம்பாஸிடர் காலத்தில் ஸ்பார்க்கை நிறுத்தினாலும், இன்ஜின் சுற்றுகிற வரை கார்பரேட்டர் வழியாகப் பெட்ரோல் உள்ளே இழுக்கப்படும். சிலிண்டருக்குள் தணல்போலக் கனன்றுகொண்டிருக்கும் கார்பன் அதைப் பற்ற வைக்கும். வண்டி உலுக்கி, கடகடவென்று இருமிவிட்டு நிற்கும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். உங்களுடையது எம்.பி.எஃப்.ஐ., அதில் பெட்ரோலைத் தெளிப்பது இன்ஜெக்டர். அதைத் திறந்து மூடுவது ஈ.சி.யூ. எனும் கம்ப்யூட்டர். மின்சாரம் நின்றால் இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், எரிவதற்கு உள்ளே ஒன்றும் வராது. சாவியை எடுத்தும் சீராக ஓடுகிறது என்றால் ஈ.சி.யூ.வுக்கு இன்னும் மின்சாரம் போகிறது. எங்கிருந்து என்பதுதான் கேள்வி.

வழியில் அந்த மெக்கானிக் செய்ததை நம் ஊரில் 'ஃபேன் டைரக்ட்' என்பார்கள். சாதாரணமாக, சூடு ஏறியதும் ஈ.சி.யூ. ஒரு ரிலேயை (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) இழுத்து ஃபேனை ஓட்டும். சென்சாரோ ரிலேயோ கெட்டுவிட்டால், எது கெட்டது என்று தேடப் பொறுமை இல்லாதவர்கள் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இக்னிஷன் லைனிலிருந்து ஒரு வயரை இழுத்து நேராக ஃபேனில் கட்டிவிடுவார்கள். சாவி போட்டால் ஃபேன் சுற்றும். பார்க்க எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருக்கும்.

ஆனால் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தினால், அது நிற்கும் வரை டைனமோ. சைக்கிள் டைனமோ விளக்கை எரிய வைக்கிற அதே சங்கதி. நீங்கள் சாவியை எடுத்ததும் ஃபேன் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே மின்சாரத்தை அந்த டைரக்ட் வயர் வழியாக இக்னிஷன் லைனுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஈ.சி.யூ.வுக்குப் பேட்டரி மின்சாரத்தைக் கொடுக்கும் மெயின் ரிலே அந்த லைனில்தான் இயங்குகிறது, அதைப் பிடித்து வைக்க அதிக மின்சாரம் தேவையில்லை. 12 வோல்ட் ரிலே ஒன்றை முதலில் இழுக்க ஏழெட்டு வோல்ட் வேண்டும், ஒட்டிய பிறகு இரண்டு மூன்று வோல்ட்டிலும் ஒட்டியே இருக்கும். ஃபேன் வேகம் குறைந்து வோல்ட் அதற்கும் கீழே போனால்தான் ரிலே விடும், இன்ஜின் நிற்கும். உங்கள் மூன்று நான்கு விநாடிக் கணக்கு இதுதான்.

இதைச் சோதிக்கக் காசு வேண்டாம். காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, சாவியை எடுத்துவிட்டு ரேடியேட்டர் ஃபேனின் இரண்டு பின் கனெக்டரைக் கழற்றுங்கள். ஏ.சி. போடாமல் ஸ்டார்ட் செய்து, அரை நிமிடத்தில் அணையுங்கள். சாவியைத் திருப்பிய கணமே இன்ஜின் நின்றால் குற்றவாளி அகப்பட்டான். கனெக்டரைத் திரும்ப மாட்டாமல் வண்டியை எடுத்துவிடாதீர்கள், அல்சூர் ஏரியைச் சுற்றி முடிப்பதற்குள் மறுபடி சூடாகும்.

சரிசெய்யும்போது முதல் வேலை, டைரக்ட் வயரை அறுத்து எறிந்துவிட்டு, ஃபேன் ஏன் தானாக ஓடவில்லை என்று பார்ப்பது. ஃபியூஸ் பாக்ஸில் ஃபேன் ரிலேயும் ஹார்ன் ரிலேயும் ஒரே மாதிரி இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடுத்து, இன்ஜின் ஓடும்போது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். பல கார்களில், சென்சார் காணாமல் போனால் ஈ.சி.யூ. பாதுகாப்புக்காக ஃபேனை ஓட விடும். ஓடினால் மோட்டாரும் ரிலேயும் வயரும் நலம், சந்தேகம் சென்சார்மேல். இந்தச் சோதனையில் செக் இன்ஜின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம், ஸ்கேனரில் அழித்துவிடலாம்.

அதுவரை தற்காலிகமாக ஓட்டியே ஆக வேண்டும் என்றால் ரிலே வைத்து ஓட்டுங்கள். தேவை: 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர், நான்கு பின் ரிலே, சாக்கெட்டுடன், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ், மின்சாரம் போக 4 சதுர மி.மீ. வயர். ரிலேயின் 30-ம் பின்னுக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87 ஃபேனுக்கு, 86 பழைய இக்னிஷன் வயருக்கு, 85 பாடி எர்த்துக்கு. இப்படிக் கட்டினால் ஃபேன் அனுப்பும் மின்சாரம் இக்னிஷன் லைனைத் தொடாது. மெக்கானிக்கிடம் கன்னடத்தில் "ரிலே ஹாகி, டைரக்ட் பேடா" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார். ஜே.சி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குள் சாமான் முடிந்துவிடும். கடை வாசலில் நின்று "என்ன சார் வேணும்" என்று கையைப் பிடிக்கிறவரோடு போகாதீர்கள். அவருடைய கமிஷனும் உங்கள் ரிலேயின் விலையில்தான் இருக்கும்.

டைரக்ட் வயரால் இன்ஜின் நிற்காமல் ஓடுவது சின்னத் தொல்லை. பெரிய ஆபத்து இக்னிஷன் ஸ்விட்சில். சின்னக் கார் ஃபேன்கூட 10 ஆம்பியர், அதற்கு மேலும் இழுக்கும். அந்தப் பாரத்துக்காக அந்த ஸ்விட்ச் செய்யப்படவில்லை. உள்ளே காண்டாக்ட் கருகும், பிளாஸ்டிக் உருகும், ஒருநாள் ஒட்டிக்கொண்டு அணையவே அணையாது. சாவித் துவாரத்தைச் சுற்றித் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஸ்விட்சையும் மாற்றிவிடுங்கள்.

ஃபேனைக் கழற்றியும் இன்ஜின் நிற்கவில்லை என்றால் மல்டிமீட்டர் வேண்டும். கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை ஃபியூஸ் பாக்ஸில் இக்னிஷன் ஃபியூஸில். சாவியை அணைத்ததும் சுழியத்துக்கு இறங்க வேண்டும். 12-லேயே நின்றால் ஸ்விட்ச் ஒட்டியிருக்கிறது, அல்லது வெளியில் போட்ட ரிமோட் லாக், ஸ்டீரியோ, ஃபாக் லைட் வயர் ஒன்று பேட்டரியையும் இக்னிஷனையும் சேர்த்துவிட்டிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மீட்டர் சுழியம் காட்டியும் ஓடினால் மெயின் ரிலே ஒட்டியிருக்கிறது.

"ஸ்கேனர் போட்டோம், ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். சாவி இன்னும் போட்டபடிதான் இருக்கிறது என்று ஈ.சி.யூ. நம்பிக்கொண்டிருக்கிறது. அது எந்தப் பிழையைப் பதிவு செய்யும்? கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால், வெளி வயரைப் பார்த்ததும் தொட மாட்டோம் என்பார்கள், இல்லாவிட்டால் முழு வயரிங்கையும் மாற்றக் கணக்குப் போடுவார்கள். பதினைந்து நிமிடம் மீட்டர் பிடிக்க ஆள் இருக்காது. எமிஷன் சர்டிஃபிகேட்டுக்குப் புகையை மட்டும் மோந்து பார்த்துச் சீட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், பானெட்டுக்குள் தொங்கும் வயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "ஈ.சி.யூ. போய்விட்டது, பழையது ஒன்று இருக்கிறது" என்பவரிடம் இன்னும் கவனம். இம்மொபிலைசர் (சொந்தச் சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியில் வேறு வண்டியின் ஈ.சி.யூ. உங்கள் சாவியை ஏற்காது. அதை ஏற்க வைக்க இன்னொரு செலவு.

இவ்வளவும் பெட்ரோலுக்கு. வீட்டில் டீசல் வண்டியும் இருந்தால் இதை அதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவின் சீல் கெட்டோ, ஆயில் சேம்பர் நிரம்பி வழிந்தோ, டீசல் இன்ஜின் தன் இன்ஜின் ஆயிலையே குடித்து ஓடத் தொடங்கும். அப்போது சாவியை எடுத்து என்ன பயன்? ஆயிலுக்குச் சாவி கிடையாது. சத்தம் தானாக ஏறும், பின்னால் நீல வெண்புகை சூழும். மேனுவல் கியர் என்றால், முன்னால் ஆள் இல்லை என்று பார்த்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, கால் பிரேக்கை அழுத்தி மிதித்து, கடைசி கியரில் போட்டு கிளட்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும். ஆட்டோமேட்டிக்கில் இந்த வழி இல்லை. காற்று உள்ளே போகும் குழாய் வாயைத் தடிமனான பலகையால் அடைக்க வேண்டும். கையால் அல்ல, துணியாலும் அல்ல, இரண்டையும் உள்ளே இழுத்துவிடும். அதற்கும் வழியில்லை என்றால் ஆட்களை விலக்கிவிட்டு நீங்களும் தள்ளி நில்லுங்கள், இன்ஜின் வெடித்துச் சிதறலாம். இது வராமல் இருக்க, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கேனில் மிச்சம் வைக்க மனம் வராமல் முழுவதையும் ஊற்றுகிற பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் உண்டு. பி.எஸ். 6 டீசலில், நெரிசலிலேயே ஓடும் வண்டிக்கு டி.பி.எஃப். எனும் புகைக்கரி வடிகட்டி சுத்தமாகும்போது டீசல் ஆயிலில் கலந்து அளவு தானாகவே ஏறும். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன், இன்ஜினைச் சூடேற விட்டு, ஃபேன் தானாக ஓடத் தொடங்கிய பிறகு, அது சுற்றும்போதே மூன்று முறை அணைத்துப் பாருங்கள். மூன்று முறையும் சாவியோடு சேர்ந்து நிற்க வேண்டும்.