புரண்டு படுத்தால் சுற்றும் அறை

*வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அப்போது என் கருவிழிகள் வெட்டி வெட்டி அசைவதாகக் கணவர் சொல்கிறார். எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புத் தேய்மானம் இருக்கிறது. மூன்று வாரமாகக் கடையில் வாங்கிய சின்னரிசின் சாப்பிடுகிறேன். மூளைக் கட்டியாக இருக்குமோ? இணையத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. (வாசகி, வயது 56)*

மூளைக் கட்டி இப்படி நேரம் பார்த்து வந்து, அரை நிமிடத்தில் விடைபெறுவது மிக அரிது. இது காதின் குறும்பு.

உங்கள் கணவரை இந்தப் பக்கத்தைப் பார்த்தபடி தலையை இடவலமாக வேகமாக ஆட்டச் சொல்லுங்கள் (நீங்கள் வேண்டாம்). எழுத்து தெரியும். தலையை நிறுத்திவிட்டு அதே வேகத்தில் தாளை ஆட்டினால் எழுத்து கலங்கிவிடும். தலை ஆடும்போது கண்ணைக் காப்பது உட்காதின் மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை வலப்பக்கம் திரும்பினால், நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் கண்கள் அதே அளவு இடப்பக்கம் நகர்ந்துவிடும். இருட்டிலும் இது நடக்கும்.

உங்களுக்கு, உட்காதிலுள்ள கால்சியத் துகள்கள் இடம் பெயர்ந்து ஒரு குழாய்க்குள் விழுந்திருக்க வேண்டும். புரளும்போது அவை உருண்டு, தலை நின்ற பிறகும் 'இன்னும் சுழல்கிறது' என்று பொய்த் தகவல் அனுப்புகின்றன. கண் அதை நம்பி ஓடுகிறது. துகள் அடங்கினால் சுற்றலும் அடங்கும்.

மாத்திரை துகளை நகர்த்தாது. சின்னரிசினை மாதக்கணக்கில் விழுங்கி, கை நடுக்கத்தோடு வருபவர்களைப் பார்த்து அலுத்துவிட்டேன். எக்ஸ்ரேயை மடித்து வையுங்கள். உங்கள் வயதில் பெரும்பாலோருக்கு அந்தத் தேய்மானம் உண்டு.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அசையாமல் படுத்திருந்தும் சுற்றல் மணிக்கணக்கில் நிற்கவில்லை, பிடிமானமின்றி நிற்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால் அது சிறுமூளைப் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். முதல் நாள் சி.டி. ஸ்கேனில் அது தெரியாமலும் போகும். அத்தகைய ஓயாத சுற்றலில் மருத்துவர் நோயாளியின் தலையைச் சட்டென்று திருப்பிப் பார்ப்பார். காது பழுதென்றால் கண் இலக்கைத் தவறவிட்டு, பின் ஓடிப் பிடிக்கும். கண் பிசகாமல் நின்றால்தான் எங்களுக்குக் கலக்கம்: காதில் பழுதில்லை, கோளாறு மூளையில் இருக்கலாம்.

காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று படுக்க வைத்துச் சோதித்து, தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை வெளியேற்றுவார். பெரும்பாலும் செய்வது எப்லி முறை, பத்து நிமிட வேலை. காணொளி பார்த்து வீட்டில் முயல வேண்டாம். மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அது கண்ணசைவை மங்கச் செய்து சோதனையைக் குழப்பும். அடுத்த முறை சுற்றும்போது கணவர் உங்கள் கண்களை மொபைலில் படமெடுத்து வைக்கட்டும், மருத்துவருக்கு உதவும்.