மார்மலேடைக் கசப்பே இல்லாமல் வீட்டில் செய்வது எப்படி?

மார்மலேட் என்பது ஆரஞ்சைத் தோலோடு சேர்த்துக் காய்ச்சும் ஜாம், அந்தக் கசப்புதான் அதன் ருசி. கசப்பு வேண்டாமென்றால் ஆரஞ்சு ஜாம் செய்துகொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் யூடியூபில் தோலை நாலைந்து தண்ணீர் மாற்றிக் கொதிக்கவிட்டு, சாரமே இல்லாத சக்கையாக்கி, அதற்கு மார்மலேட் என்று பெயர் வைக்கிறார்களே, அதைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. நீங்களும் அந்த மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில். ஜனவரி பிறந்தால் மார்மலேடுக்கு ஏற்ற செவில் ஆரஞ்சு என்ற கசப்பு ஆரஞ்சு கடைக்கு வரும், சில வாரம்தான், பிறகு கிடைக்காது. ஸ்பெயினில் செவில் நகரத் தெருவெல்லாம் இந்த மரம்தான், ஆனால் பறித்து உரித்துத் தின்ன ஆள் இருக்காது. அவ்வளவு புளிப்பும் கசப்பும்.

என் கணக்கு: ஒரு கிலோ பழம், இரண்டு கிலோ சர்க்கரை, இரண்டரை லிட்டர் தண்ணீர், ஒரு எலுமிச்சை. விதையையும் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியையும் தூக்கிப் போடாதீர்கள், ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் அதில்தான் நிறைய. மெல்லிய துணியில் முடிந்து, நறுக்கிய தோலோடு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் சேர்த்தே வேகவையுங்கள். தோலை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், அப்புறம்தான் சர்க்கரை. அவசரப்பட்டு முன்னாடியே போட்டால் தோல் விறைத்துக்கொள்ளும், பிறகு எத்தனை நேரம் கொதித்தாலும் வேகாது. முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டு, 105 டிகிரி செல்சியஸ் வரும்வரை காய்ச்சினால் போதும்.

ஊரிலிருந்து வந்த மாமியார் இதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தோலப் போயி சக்கரைல போட்டு வெச்சிருக்கே?" என்றார். ரொட்டியில் தடவிக் கொடுத்தேன், பிடிக்கவில்லை. மறுநாள் பார்க்கிறேன், தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். உப்பு நார்த்தங்காய் தின்று வளர்ந்த நாக்குக்குக் கசப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ("நார்த்தங்காயிலேயே செய்யலாமே?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: தாராளமாகச் செய்யலாம், ருசி வேறு.)

செவில் ஆரஞ்சு மரத்தில் வீணாவது எதுவுமில்லை. பூவை நீராவியில் வடித்தால் நெரோலி என்ற வாசனை எண்ணெய். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் ஒரு டன் பூ வேண்டும், அதனால்தான் அந்த விலை. இலையும் இளங்கிளையும் வடித்தால் பெட்டிட்கிரேன், அதுவும் வாசனைத் திரவியத்துக்குத்தான். காய்ந்த தோல் குராசோ மதுவிலும் பெல்ஜியத்துக் கோதுமை பீரிலும் போகிறது. நான் குடிக்கச் சொல்லவில்லை, தகவலுக்குச் சொன்னேன். எடை குறைக்கும் மாத்திரைகளிலும் இதன் சாறு வருகிறது. 2004இல் அமெரிக்கா அந்த மாத்திரைகளில் எபிட்ரா என்ற மூலிகையைத் தடை செய்ததும் அந்த இடத்தைப் பிடித்தது இதுதான். மார்மலேடும் மாத்திரையும் ஒன்றல்ல. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வாசனை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முன்பு இருந்த வாடகை வீட்டில், மீன் குழம்பு வாடை சுவரில் ஏறிவிட்டது என்று வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். அதே அடுப்பில் மார்மலேட் காய்ச்சிய அன்று வந்து மூச்சை இழுத்து, ஆஹா என்று சொல்லி, ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனவரும் அதே ஆள்தான். பணம் திரும்பி வரவில்லை.

சரி, இனிப்பு ஆரஞ்சில்தான் செய்வேன் என்றால் எலுமிச்சையை மூன்றாக்குங்கள், அதன் விதையையும் முடிச்சில் போடுங்கள். சர்க்கரையைப் பாதிக்கு மேல் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கெட்டியாகாது.