டோக்கியோவில் கூட்டமான, விலை குறைந்த ஜப்பானியக் கடைகளில் மதுரைக்காரர் சாப்பிட்டுச் சமாளிக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் யென்னை ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கிற பழக்கத்தை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சோற்றின் மேல் மாட்டிறைச்சியை மெல்லிசாகச் சீவிப் போட்டுத் தரும் கியூடோன் ஒரு கிண்ணம் சுமார் 500 யென். மதியச் சாப்பாடு 800இலிருந்து 1000 யென். ஆயிரம் யென் என்றால் நம்ம காசுக்கு 550, 600 ரூபாய் வரும். இதே காசுக்கு ஊரில் சுக்காவும் அயிரை மீன் குழம்புமாக ஒரு கட்டு கட்டியிருக்கலாமே என்று நினைக்க ஆரம்பித்தால் ஒரு வாய் உள்ளே இறங்காது. அந்த ஊர்ச் சம்பளத்துக்கு அது மலிவு, அவ்வளவுதான்.

அக்கா குடும்பம் அங்கே இருப்பதால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அப்பா சிம்மக்கல்லில் கடை வைத்திருந்தவர், பாதி ஆயுசு மதியச் சாப்பாடு மெஸ்ஸில்தான். அத்தான் எங்களைச் சிம்பாஷி ஸ்டேஷன் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். அந்த வட்டாரம் முழுக்க ஆபீஸ்கள். பன்னிரண்டு மணிக்குச் சொல்லிவைத்த மாதிரி எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கி வருகிறார்கள். கடை நம்ம வீட்டு ஹால் அளவுதான் இருக்கும். வாசலில் வரிசை.

உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ஒரு மெஷின். வரிசை வரிசையாகப் பொத்தான்கள், சிலவற்றில் படம், மற்றதெல்லாம் ஜப்பானிய எழுத்து. நோட்டை உள்ளே விட்டு, பொத்தானை அமுக்கினால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சீட்டு விழுகிறது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, இலை போடறதுக்கு முந்தியே காசா?" என்றார்.

"ஆமா மாமா. சாப்ட்டு முடிச்சா எந்திரிச்சுப் போயிரலாம், கல்லாவுல நிக்க வேண்டியதில்ல."

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. வியாபாரிக்கு வியாபார நியாயம் உடனே புரியும்.

மெஷின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய மெஷின்கள் 1000 யென் நோட்டும் சில்லறையும் மட்டும்தான் வாங்கும். 2024 ஜூலையில் புது நோட்டு வந்தபோது நிறையச் சின்னக் கடைகளில் மெஷினையே மாற்ற வேண்டி வந்தது. பையில் எப்போதும் 1000 யென் நோட்டு சில இருக்கட்டும். பெரிய சங்கிலிக் கடைகளில் தொடுதிரை, அதில் ஆங்கிலமும் உண்டு. தயங்க வேண்டியதில்லை.

மதியத்துக்கு நான் சிபாரிசு செய்வது தெய்ஷோகு. ஒரே தட்டில் சோறு, மிசோ என்கிற புளித்த சோயா விழுது கரைத்த சூப், ஊறுகாய், கூடவே மீனோ கறியோ ஒரு அயிட்டம். நாங்கள் வாங்கியது உப்புத் தடவிச் சுட்ட சபா. நம்ம கானாங்கெளுத்திக்குப் பங்காளி முறை. மசாலா கிடையாது. தோல் அங்கங்கே கருகி, எண்ணெய் கசிந்து பளபளக்கிறது. பக்கத்தில் துருவிய முள்ளங்கி ஒரு சின்னக் குவியல். அதில் இரண்டு சொட்டு சோயா சாஸ் விட்டு, மீனோடு சேர்த்து எடுத்துச் சாப்பிட வேண்டும். மீனின் கொழுப்பை அந்த முள்ளங்கிக் காரம் வெட்டிவிடுகிறது. சோறு குழைந்து ஒட்டியிருக்கும். வடிக்கத் தெரியாமல் இல்லை, குச்சியில் எடுக்க அந்த அரிசிதான் தோது. சூப்பைச் சோற்றில் ஊற்றிப் பிசையாதீர்கள். கிண்ணத்தைக் கையில் தூக்கி அப்படியே குடிக்கலாம், அதுதான் அங்கே வழக்கம். குச்சி படியவில்லை என்றால் "ஸ்பூன் குதசாய்" என்று கேளுங்கள், சிரித்துக்கொண்டே தருவார்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி மட்டும் நிறுத்தாதீர்கள். சாவு வீட்டில் இறந்தவருக்குப் படைக்கிற முறை அது.

அப்பா சூப்பை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "மாசிக் கருவாட்டு வாசம் வருதே" என்றார். சரியாகச் சொன்னார். அங்கே சூப்புக்கு அடிப்படை தாஷி என்கிற சாறு. கொம்பு என்கிற கடல்பாசியும், அவித்துப் புகைபோட்டுக் கட்டை மாதிரிக் காயவைத்த சூரை மீனின் சீவலும் போட்டு இறக்குவார்கள். அந்தச் சீவலுக்குக் கட்சுவோபுஷி என்று பெயர். காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்கள் வீட்டில் இருக்கும் மாசியும் அதே சூரைதான், அதுவும் அவித்து, புகைபோட்டு, காயவைத்ததுதான். ஜப்பானில் உயர்ந்த ரகத்துக்கு அதற்கு மேலும் பூஞ்சை ஏற்றிக் காயவைக்கிறார்கள். கருவாட்டு வாசம் பழகின மூக்குக்கு ஜப்பான் சாப்பாட்டில் பாதித் தூரம் கடந்த மாதிரி. அது ஆகாதவர்களுக்குத்தான் முதல் சில நாள் திண்டாட்டம்.

இந்தக் கடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, காத்திருப்பவர்கள் வாசலிலேயே நிற்பது. நாம் ரசத்துக்கு வருவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று இலையையே பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் அங்கே இல்லை. பிடிக்காதது, யாரும் எதுவும் கேட்பதில்லை. "இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவாண்ணே?" என்று வாளியோடு வருகிற குரல் இல்லாமல் அப்பாவுக்குச் சாப்பிட்ட மாதிரியே இல்லையாம். கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் மட்டும் காசில்லாமல் கிடைக்கும். சோறு அதிகம் வேண்டுமானால் மெஷினிலேயே அதற்கும் பொத்தான் இருக்கும், "ஓமோரி" என்று வாயாலும் சொல்லலாம். சில சங்கிலிக் கடைகளில் தெய்ஷோகுவுக்குச் சோறு கேட்டு வாங்க வாங்கக் காசில்லை. நம்மாட்கள் முதலில் தேட வேண்டிய கடைகள் அவை.

சாப்பிட்டதும் உட்கார்ந்து கதை பேசாதீர்கள், எழுந்துவிட வேண்டும். டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்துவிட்டீர்கள் என்று தெரு வரை துரத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள். ராமென் என்கிற சாற்று நூடுல்ஸ் கடையில் சத்தமாக உறிஞ்சிச் சாப்பிடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குடும்பத்தோடு போனால் ஓடும் பெல்ட்டில் சூஷி வரும் கடைகள் நல்லது. 1958இல் ஒசாகா பக்கம் தொடங்கிய ஏற்பாடு அது. இப்போது பல கடைகளில் திரையில் தட்டினால் தட்டு நேராக உங்கள் மேசைக்கே ஓடி வருகிறது. கடைசியில் தட்டை எண்ணிக் காசு.

நீங்கள் சைவமா என்று சொல்லவில்லை. சைவம் என்றால் இந்தக் கடைகள் ஆபத்து. காய்கறி போட்ட உடோன் என்கிற தடி நூடுல்ஸ், டோஃபு என்கிற சோயாக் கட்டி, பஜ்ஜி மாதிரிப் பொரிக்கிற டெம்புராவுக்குத் தரும் சாஸ் வரைக்கும் அந்த தாஷி மீன் சாறு இருக்கும். "மீன் போடாதீர்கள்" என்றால் மேலே கிடக்கும் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றைத்தான் தருவார்கள். டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே டீஸ் டான்டான் என்று முழுக்க சைவமான ராமென் கடை இருக்கிறது, பால், முட்டைகூடக் கிடையாது. கோகோ இச்சிபான்யா என்கிற குழம்புச் சோற்றுக் கடையின் சில கிளைகளில் சைவக் குழம்பு உண்டு, பெயர் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். பன்றி, மாடு சாப்பிடாத அசைவக்காரர்கள் சுட்ட மீன் தெய்ஷோகு பக்கமே இருப்பது நல்லது. டொன்கொட்சு ராமென் சாறு பன்றி எலும்பில் கொதிப்பது. ஹலால் ராமென் தேடினால் அசகுசா பக்கம் போய்ப் பாருங்கள்.