ஒரே வீட்டில் இருந்துகொண்டு பரஸ்பர சம்மத விவாகரத்து: மனு ஏன் திரும்பியது?

இருவரும் சேர்ந்து போட்ட விவாகரத்து மனுவை நீதிமன்றம் திருப்பிவிட்டது, ஒரே வீட்டில் இருப்பதுதான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டின் முன்பகுதியான முகப்பில் உங்கள் துணை, உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் நீங்கள் என்று காரைக்குடியில் ஒரே வீட்டில் இருப்பது தடையே இல்லை. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான இந்து திருமணச் சட்டப் பிரிவு 13-பி கேட்பது, மனுவுக்கு முந்தைய ஓராண்டு கணவன் மனைவியாக வாழவில்லை என்பதைத்தான். உச்ச நீதிமன்றம் 1991-லேயே இதைச் சொல்லிவிட்டது.

மனு திரும்பியதற்குப் பெரும்பாலும் காரணம்: இருவருக்கும் ஒரே கதவு எண், பிரிந்த தேதி எங்கும் இல்லை. நகலை எடுத்துப் பாருங்கள். "சில காலமாகப் பிரிந்துள்ளோம்" என்று மொட்டையாக இருந்தால், தேதி போட்டு, தனிச் சமையல், தனி அறை என்று ஒரு பத்தி சேர்த்து, ரிட்டர்ன் சீட்டில் (மனுவைத் திருப்பும்போது நீதிமன்றம் எழுதித் தரும் குறிப்பு) உள்ள கெடுவுக்குள் திரும்பப் போடுங்கள்.

மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருந்தால் மனு போட்ட பிறகான ஆறு மாதக் காத்திருப்புக்கு விலக்குக் கேட்கலாம் (உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு). தருவது நீதிபதி விருப்பம்.

சீர் சாமானை "பேசி முடித்தோம்" என்று ஒரு வரியில் விடாதீர்கள். கழுத்துரு (திருமணத்தில் அணியும் தங்கத் தாலி மாலை) எத்தனை கிராம், வெள்ளி எத்தனை கிலோ, எது யாரிடம் என்று சீர்ப் பட்டியலைப் பார்த்து எழுதி இணையுங்கள். பின்னால் வம்பு கிளம்புவது இங்கேதான்.

இன்னொன்று: தீர்ப்புக்கு முன் இருவரில் ஒருவர் சம்மதத்தை விலக்கிக்கொண்டாலே போதும், இந்த மனுவில் விவாகரத்து கிடைக்காது.