சின்னப் பசங்க இருக்கிற வீட்டில் கிறிஸ்துமஸ்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பலகாரம், கேக், குடில், மரம், ராத்திரி ஆலயம்னு கேட்டதுக்கெல்லாம் கீழே பதில் இருக்கு. கப் என்றால் 200 மில்லி கப்.

காட்பாடியிலிருந்து: அக்கா, அச்சு முறுக்கு அச்சை விட்டு வரவே மாட்டேங்குது. வர்றதும் எண்ணெய் குடிச்சு வருது. அச்சு புதுசு.

புது அச்சுதான் பாதிக் காரணம். இரும்பு அச்சை நல்லா கழுவி, சாதம் வடிச்ச கஞ்சியில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்க. காலையில ஈரம் போகத் துடைச்சு, எண்ணெயில போட்டு சிறு தீயில் கால் மணி நேரம் காய விடுங்க. அதுக்கப்புறம் அந்த அச்சுக்கு சோப்பே காட்டக் கூடாது. துணியால துடைச்சு வைச்சாப் போதும்.

மாவுக்கு: பச்சரிசி மாவு 2 கப், மைதா அரை கப், பொடிச்ச சர்க்கரை முக்கால் கப், முட்டை 2, கறுப்பு எள் ஒரு ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. தேங்காய்ப்பால் ஒன்றரை கப் வரை பிடிக்கும். மொத்தமா ஊத்தாம கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, தோசை மாவை விடச் சற்று நீர்க்கக் கரைச்சு அரை மணி நேரம் வைங்க.

அச்சு எண்ணெயிலேயே மூணு நாலு நிமிஷம் காயணும். எடுத்து, எண்ணெயை உதறிட்டு, மாவில முக்கால் உயரம் மட்டும் முக்குங்க. தொட்டதும் "ஸ்ஸ்"னு சத்தம் வரணும். சத்தமில்லாம மாவு வழிஞ்சா அச்சு ஆறிப் போச்சு. மாவு ஒட்டாம நழுவி, கிண்ணத்துலயே வெந்து தங்கினா அச்சு அதிகச் சூடு. மேல் விளிம்பையும் மாவு மூடிட்டா பூட்டு போட்ட மாதிரிதான், கத்தி வைச்சு நெம்பினாலும் உடைஞ்சுதான் வரும். எண்ணெய் குடிக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் காயாத எண்ணெய், இல்லேன்னா தண்ணியாப் போன மாவு. சர்க்கரை கூடினா சீக்கிரம் கறுக்கும், ஒட்டவும் செய்யும்.

இந்த வேலையில பசங்களைச் சேர்க்காதீங்க. அரையாண்டுப் பரீட்சை நடக்கும்போதே, அவங்க பள்ளிக்கூடம் போன நேரத்துல சுட்டு டப்பாவில் அடைச்சிடுங்க. லீவு விட்ட பிறகு அடுப்பாங்கரையில் கொதிக்கிற எண்ணெயும் மூணு வயசும் சேர்ந்து இருக்கக் கூடாது.

சத்துவாச்சாரியிலிருந்து: பசங்களும் பலகாரம் செய்யணும்னு அடம். வயசு 4, 7.

அவங்களுக்குக் கலகலா. மைதா அரை கிலோ, ரவை 50 கிராம், பொடிச்ச சர்க்கரை 150 கிராம், உப்பு. இதுல சூடான நெய் 50 கிராம் ஊத்திப் பிசறுங்க. பிடிச்சா கொழுக்கட்டையா நிக்கணும். முட்டை ஒண்ணு, தேங்காய்ப்பால் 100 மில்லி சேர்த்துப் பூரி மாவை விடக் கெட்டியாப் பிசையுங்க, தேவைப்பட்டா மட்டும் இன்னும் கொஞ்சம் பால். பெரியவன் கால் அங்குலக் கனத்துக்குத் தேய்ப்பான், நீங்க கத்தியால வெட்டுங்க. சின்னதுக்கு ஒரு முள்கரண்டி கொடுத்தா, உருண்டையை அதன் முதுகுல அழுத்திச் சுருட்டி ஒரு மணி நேரம் அசையாம உட்காரும். உருட்டினதை ஈரத்துணி போட்டு மூடுங்க, காய்ஞ்சா எண்ணெயில வெடிச்சுப் பிரியும்.

மேலே சிவந்து உள்ளே மாவா இருந்தா தீ அதிகம். ஒரு துண்டு போட்டதும் பொங்கி மேல வரக் கூடாது, அடியில தங்கி மெதுவா எழும்பணும்.

மேல்விஷாரம் பக்கத்திலிருந்து: ரம், ஒயின் இல்லாம கேக் வருமா? வலப்பக்கம் முஸ்லிம் வீடு, எதிர் வீடு சைவம். ரெண்டு வீட்டுக்கும் தட்டு அனுப்பணும்.

நல்லாவே வரும். வீட்டுல குழந்தைங்க சாப்பிடற கேக்குக்கு ரம் எதுக்கு? உலர் திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் சேர்த்து 250 கிராம். ஆரஞ்சுச் சாறு 150 மில்லியில் அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, ஆறவைச்சு, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி. மறுநாள் வடிகட்டி, ரெண்டு ஸ்பூன் மைதாவில் புரட்டுங்க. இதைச் செய்யாம விட்டா பழமெல்லாம் அடியில போய் உட்காரும்.

75 கிராம் சர்க்கரையைக் கருஞ்சிவப்பாக் கருக்கி, அடுப்பை அணைச்சுட்டு, 75 மில்லி வெந்நீரை ஓரமா ஊத்துங்க. தெறிக்கும், அந்த நேரம் குழந்தை இடுப்புல இருக்கக் கூடாது. முழுசா ஆறினபிறகுதான் மாவுல சேர்க்கணும், சூடா ஊத்தினா முட்டை திரியும். வெண்ணெய் 150 கிராமும் சர்க்கரை 150 கிராமும் வெளுக்கிற வரை அடிச்சு, முட்டை மூணை ஒவ்வொண்ணாச் சேர்த்து, மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சுக்கு, பட்டை, ஜாதிக்காய்ப் பொடி கலக்குங்க. கடைசியில கருக்கின சர்க்கரைப் பாகு, பழம். 7 அங்குலத் தட்டு, 160 டிகிரி, 60 முதல் 70 நிமிஷம். குக்கர்னா கேஸ்கட், வெயிட் ரெண்டையும் எடுத்துட்டு, அடியில ஒரு அங்குலம் உப்பு பரப்பி, 10 நிமிஷம் காயவைச்சு, சிறு தீயில வைங்க. 45 நிமிஷத்துக்கு முன்னாடி மூடியைத் திறந்தா நடுவுல குழி விழும்.

முழு முந்திரி, பாதாமை அஞ்சு வயசுக்குள்ள பசங்களுக்குத் தராதீங்க, தொண்டையில சிக்கும். பொடிச்சுப் போடுங்க.

வலப்பக்க வீட்டுக்கு இந்தக் கேக்கையே அனுப்பலாம். வெனிலா எசென்ஸ் சிலதுல ஆல்கஹால் இருக்கும், அதான் ஜாதிக்காய் சொன்னேன். தட்டுல ஜெல்லி மிட்டாய் வைக்காதீங்க, ஜெலட்டின் எதிலிருந்து எடுத்ததுன்னு தெரியாது. "ரம் சேர்க்கலை"ன்னு கொடுக்கும்போதே சொல்லிடுங்க, அவங்க தயங்கிக் கேட்க வேண்டாம்.

எதிர் வீட்டுக்கு முட்டைக்குப் பதில் மூணு ஸ்பூன் பால் ஊத்திக் கலகலா. அதை முதல் ஈடா, புது எண்ணெயில சுட்டுத் தனி டப்பாவில் எடுத்து வையுங்க. முட்டைப் பலகாரம் சுட்ட எண்ணெயிலேயே சுட்டுட்டு "முட்டை இல்லை"ன்னு கொடுக்கிறது சரியில்லை.

குடியாத்தத்திலிருந்து: குடிலுக்குப் புல் வளர்த்தா பூஞ்சை பிடிக்குது.

தண்ணி தேங்குது. தட்டுல ஓட்டை போட்டு, தென்னை நார்த்தூள் ஒரு அங்குலம் பரப்பி, ராத்திரி முழுக்க ஊறின கோதுமையை டிசம்பர் 14, 15 வாக்குல தூவுங்க. தினம் ரெண்டு வேளை தெளிச்சாப் போதும், ஊத்த வேண்டாம். தெளிக்கிற வேலை குழந்தைக்கு. வைக்கோல் மேல சீரியல் லைட் படக் கூடாது. குழந்தை இயேசுவை 24 ராத்திரி வரை வைக்காதீங்க, பசங்க அந்த ஒரு பொம்மைக்காகவே காத்திருப்பாங்க.

ராணிப்பேட்டையிலிருந்து: ஒன்றரை வயசுக் குழந்தை மரத்தைப் பிடிச்சு இழுக்குது.

சவுக்குக் கிளையா? வாளியில செங்கல், மணல் போட்டு நட்டு, நடுத்தண்டை ஜன்னல் கம்பியோட கட்டுங்க. 22, 23க்கு முன்னாடி வெட்டினா உதிர்ந்து கொட்டும். மணலை ஈரமா வைங்க. கீழ் மூணு அடியில துணி, காகித அலங்காரம் மட்டும். சீரியல் லைட் நேரா பிளக்குல சொருகுற வகையா இருந்தா கைக்கு எட்டாத உயரத்துல கட்டுங்க, அதுல மின்சாரம் 230 வோல்ட். அடாப்டர் வைச்சது நல்லது. பாட்டுப் பாடுற பொம்மை, மினுக்குற தொப்பியில பட்டன் பேட்டரி இருக்கும், மூடிக்கு ஸ்க்ரூ இல்லாததை வாங்காதீங்க. விழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயைப் பொசுக்கும். வாந்தி எடுக்க வைக்காம உடனே எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

ஆற்காட்டிலிருந்து: ரெண்டு வயசுக் குழந்தையோட நள்ளிரவுத் திருப்பலி போகலாமா?

சாயங்காலம் 4லிருந்து 6 வரை தூங்க வைங்க, 8க்குச் சாப்பாடு. பட்டுப்பாவாடைக்கு உள்ளே பருத்திச் சட்டை. பனி இறங்கும், பைக்கில போனா காதை மூடுங்க. அழுதா வெளிய வர வசதியா ஓரத்துல உட்காருங்க. இதெல்லாம் சிரமம்னா காலைத் திருப்பலி போங்க, ஒரு குறையும் இல்லை.

வாலாஜாவிலிருந்து: கேரல் ரவுண்ட்ஸ்ல வர்ற தாத்தாவைப் பார்த்தா குழந்தை அலறுது.

முகமூடிதான் பயம். தூக்கிக் கொடுக்காதீங்க. முன்கூட்டியே வேஷம் போடுறவர்கிட்ட சொல்லி, முகமூடியைக் கழட்டி ஒரு தடவை காட்டச் சொல்லுங்க. பெரிய பசங்க "நிஜமா?"ன்னு கேட்டா, 4ஆம் நூற்றாண்டுல மீரா ஊர்ல நிக்கோலாஸ்னு ஒரு ஆயர் இருந்தார், அவர் திருநாள் டிசம்பர் 6ன்னு சொல்லுங்க.

ஆம்பூரிலிருந்து: 25ஆம் தேதி பிரியாணி. குழந்தைக்குக் காரம் ஆகாது.

வெந்த கறியைக் கழுவிக் கொடுத்தா ருசியும் போகும், காரமும் போகாது. இஞ்சி பூண்டு விழுதில் கறி வதங்கினதும், மிளகாய் விழுது போடுறதுக்கு முன்னாடி 200 கிராம் கறியைச் சின்னக் குக்கருக்கு மாத்துங்க. வெங்காயம், தக்காளி, தயிர், புதினா சேர்த்து 6 விசில். பெரிய அண்டாவுக்கு வேகவைச்ச முக்கால் பதச் சீரகச் சம்பாவிலேயே ரெண்டு கரண்டி வடிச்சு இதுல போட்டு, 10 நிமிஷம் தம். எண்ணெய்க் கத்திரிக்காய் மட்டும் பெரியவங்களுக்கே இருக்கட்டும், குழந்தைக்குத் தயிர்ப்பச்சடி போதும்.