களிமண் சரிவுல கட்டடம் கட்டுறோம், பைல் போட்டா மண்ணு சரியாம நிக்குமா?

நிக்கும், ஆனா பைல், அதாவது மண்ணுக்குள்ள ஆழமா இறக்கற தூண், எவ்வளவு ஆழம் போகுதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. களிமண் சரியும்போது மேல் மண்ணு மொத்தமா உள்ள ஒரு தளத்து மேல வழுக்கிட்டு வரும், அதைத்தான் ஸ்லிப் சர்ஃபேஸ்னு சொல்றது. அது 6 மீட்டர்ல இருக்குன்னு வைங்க, நீங்க 5 மீட்டர் பைல் போட்டா பைலும் மண்ணோட சேர்ந்தே இறங்கிடும், செலவு பண்ணது அத்தனையும் வீண். அந்தத் தளத்தைத் தாண்டி கீழ இருக்கற கெட்டி மண்ணுலயோ பாறையிலயோ நல்லா ஊனி நிக்கணும்.

அடுத்தது, பில்டிங் வெயிட்டைத் தாங்கற பைல் இருக்கே, சரிவையும் அதுவே பாத்துக்கும்னு நினைக்காதீங்க. வெயிட் நேரா கீழ இறங்குது, சரியற மண்ணு பக்கவாட்டுல தள்ளுது, வெயிட்டுக்கு மட்டும் டிசைன் பண்ண ஒல்லி பைல் அந்தத் தள்ளுல முறிஞ்சே போகும். பெண்டிங், அதாவது பைலை வளைக்கற விசை, அதிகமா வர்றது பெரும்பாலும் ஸ்லிப் சர்ஃபேஸை ஒட்டித்தான், அதனால மேல கம்பியை நிறைய குடுத்துட்டு கீழ போகப்போக குறைக்கற வேலை இங்க ரொம்ப ஆபத்து. கம்பிக்கூடு இறக்கும்போது நின்னு பாருங்க, தயவுசெஞ்சு.

இடைவெளி சாதாரணமா பைல் விட்டத்தைப் போல 3, 4 மடங்கு வைப்பாங்க, அப்பதான் ரெண்டு பைலுக்கு நடுவுல மண்ணு ஆர்ச் மாதிரி பூட்டிக்கும். ரொம்ப தள்ளி வச்சா களிமண் நடுவுல பிதுங்கி வந்துடும். ஏற்கனவே சரிய ஆரம்பிச்ச சரிவுல அடிச்சு இறக்கற பைல் வேண்டாம்ங்கறது என் கருத்து, அடிக்கிற அடில மண்ணுக்குள்ள தண்ணி அழுத்தம் ஏறி இருக்கற பலமும் கொறையும், துளை போட்டு கான்கிரீட் ஊத்தறதுதான் நல்லது, துளையை நாள் கணக்குல தொறந்து வைக்காம சீக்கிரம் ஊத்திடணும்.

"வெட்டினப்போ நல்லாத்தானே நின்னுச்சு"ன்னு நிறைய பேர் கேப்பாங்க. களிமண்ணை வெட்டினதும் சுமை கொறஞ்சு உள்ள தண்ணி அழுத்தம் இறங்கும், அதனால அப்போதைக்கு கெட்டியா நிக்கும், அப்புறம் மெல்ல மெல்ல தண்ணிய இழுத்து ஊறி பலம் போயிடும், சில சரிவு பல வருஷம் கழிச்சுகூட விழும். அதனால டிரெய்னேஜ் இல்லாம பைலை மட்டும் நம்பாதீங்க. ஒரு தடவை சரிஞ்ச மண்ணுன்னா கணக்குல எச்ச வலிமையைத்தான், அதாவது சரிஞ்ச பிறகு மிச்சம் இருக்கற பலத்தைத்தான் எடுக்கணும், முதல் தடவை இருந்த பலம் அந்தத் தளத்துல திரும்ப வராது.

இஞ்சினியர்கிட்ட முதல்ல கேளுங்க: ஸ்லிப் சர்ஃபேஸ் எத்தனை மீட்டர்ல இருக்கு, அதை எப்படி கண்டுபிடிச்சீங்க? நகர்ற சரிவுன்னா போர்ஹோல்ல (மண்ணுல போட்ட துளையில) இன்க்ளினோமீட்டர், அதாவது எந்த ஆழத்துல மண்ணு நகருதுன்னு காட்டற கருவி, வச்சு ஒரு மழைக்காலமாவது ரீடிங் எடுத்திருக்கணும். அது இல்லாம பைல் நீளம் சொன்னா ஒத்துக்காதீங்க.