ஆர்கானிக் பண்ணைல மடிநோய் வந்தா ஊசி போடலாமா?

கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. ஆறு கறவை மாடு, ஆர்கானிக் சர்டிபிகேட் வாங்கியிருக்காங்க. மூணாவது ஈத்து ஜெர்சி கலப்பு ஒண்ணுக்கு ஒரு காம்பு வீங்கி பால் திரி திரியா வருதாம். சர்டிபிகேட் வாங்கிக் குடுத்த ஏஜென்ட், "ஆன்டிபயாடிக் ஒண்ணு போட்டாலும் மொத்தப் பண்ணையும் கேன்சல்"னு பயமுறுத்தி ஒரு பாட்டில் மூலிகை எண்ணெய் வித்துட்டுப் போயிருக்கார். நாலு நாளா தேய்ச்சும் வீக்கம் குறையல. ஊசி போடலாமா, போட்டா பாலை எத்தனை நாள் நிறுத்தணும்னு கேக்கறாங்க.

போடலாம்ங்க அக்கா, இன்னைக்கே டாக்டரக் கூப்பிடுங்க. மாடு தீனி எடுக்கலைன்னாலோ, காய்ச்சல் 103க்கு மேல இருந்தாலோ, மடி சில்லுனு நீலம் பாரிச்சாலோ நாளைக்குன்னு தள்ளவே கூடாது, மடி மட்டுமில்ல மாடே போயிரும். கால்நடை ஹெல்ப்லைன் 1962க்கு போன் பண்ணுங்க.

சர்டிபிகேட் போயிராது. நம்ம நாட்டுல மத்திய அரசோட அபேடா நடத்துற ஆர்கானிக் திட்டம் என்பிஓபி, அதோட விதிப்படி வேற வழி இல்லாதப்ப டாக்டர் சொல்ற இங்கிலீஷ் மருந்து குடுக்கலாம், மாட்டோட நலன்தான் முதல்ல. ஏஜென்ட் சொல்றது எங்கயோ அமெரிக்கா விதியக் கேட்டுட்டு வந்து சொல்றதுங்க, அங்கதான் ஆன்டிபயாடிக் வாங்குன மாட்டுப் பாலை திரும்ப ஆர்கானிக்னு விக்க முடியாது, அதுவும் அந்த ஒரு மாடுதான், பண்ணை இல்ல. சர்டிபிகேட் போயிரும்னு வைத்தியம் பாக்காம விடக்கூடாதுன்னு அந்த விதியிலயும் எழுதியிருக்குது. இத மட்டும் ஏஜென்ட் யாரும் சொல்றதில்ல, ஏன்னா பயந்தாத்தான அடுத்த பாட்டில் விக்கும். அந்த எண்ணெய்ல என்ன கலந்திருக்குன்னு லேபிள்ல இல்லைன்னா மடிகிட்டயே கொண்டு போகாதீங்க, மூலிகைன்னு பேரப் போட்டு உள்ள எதைக் கலந்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

மூலிகையே வேண்டாம்னு சொல்லலைங்க. சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சு மடியக் கழுவிட்டு ஒரு நாளைக்குப் பத்து தடவை பூசறது, தேசிய பால்வள வாரியமே பரப்புற முறைதான். ஆனா அது முதல் நாளே, மாடு நல்லாத் தின்னுட்டு இருக்கறப்ப செய்யற வேலை. நாலு நாள் கழிஞ்ச காம்புக்கு அத மட்டும் நம்பி உக்காரக் கூடாது.

டாக்டர் வந்ததும் ஊசிக்கு முன்னாடியே காம்பைத் துடைச்சு சுத்தமான பாட்டில்ல கொஞ்சம் பால் பிடிச்சு வெச்சிருங்க, மண்ணுத்தி கால்நடைக் காலேஜ் மாதிரி லேப்ல குடுத்தா எந்த மருந்து கேக்கும்னு சொல்லிருவாங்க. ஊசி போட்டப்புறம் எடுத்த சாம்பிள நம்ப முடியாது. அப்புறம் கோர்ஸ முழுசா முடிக்கணும், ரெண்டாவது நாள் வீக்கம் வடிஞ்சதும் நிறுத்துனா நோய் உள்ளயே தங்கி அடுத்த ஈத்துல வரும்.

இப்ப நாள் கணக்கு. இதுலதான் எல்லாருமே தப்பு பண்றாங்க. மருந்து லேபிள்ல பாலுக்கு இத்தனை நாள்னு போட்டிருக்கும், ஆர்கானிக்குக்கு அது ரெட்டிப்பு. மூணு நாள்னா ஆறு நாள். எண்ண வேண்டியது கடைசி ஊசியில இருந்து, முதல் ஊசியில இருந்து இல்ல. லேபிள்ல நாளே இல்லைன்னா பாலுக்குக் குறைஞ்சது 7 நாள்னு மருந்துச் சட்டத்துல 2012ல வந்திருச்சு, அப்ப உங்களுக்கு 14. ரெண்டு மருந்து போட்டா எது அதிகமோ அதை எடுத்துக்கோங்க, வலி ஊசிக்கும் சேத்துத்தான். நோவு ஒரு காம்புலதான, மத்த மூணையும் ஊத்தலாமேன்னு நினைக்காதீங்க, ஊசி மருந்து ரத்தத்துல போய் நாலு காம்புலயும் வரும். காய்ச்சினாலும் போகாது. தயிர் உறைஞ்சிருச்சு அதனால மருந்து இல்லைன்னு சொல்றவங்களையும் நம்ப வேண்டாம்.

இதுல ஒரு விலக்கு இருக்கு, பொறுமையாப் படிங்க. 14 நாளும் குழியில கொட்டணும்னு இல்ல. முதல் 7 நாள் பாலை யாருக்கும் குடுக்கக் கூடாது, கன்னுக்கும்தான், குழி வெட்டிக் கொட்டிருங்க. எட்டாவது நாள்ல இருந்து பால் பழையபடி வந்திருச்சுன்னா சட்டப்படி அது நல்ல பால், ஆனா ஆர்கானிக் பால் இல்ல. அதனால சொசைட்டிக்குச் சாதாரணப் பாலா ஊத்தலாம், தனியாக் கறந்து, தனிக் கேன்ல, மத்த அஞ்சு மாட்டுப் பாலோட சேராம, அன்னன்னைக்கு எவ்வளவு எங்க ஊத்துனீங்கன்னு எழுதி வெச்சு. பதினஞ்சாவது நாள் மறுபடி ஆர்கானிக் கேனுக்கு வரலாம். மூணு நாள் லேபிள்னா மூணு நாள் குழி, மூணு நாள் சொசைட்டி. இது தெரியாமத்தான் நஷ்டத்துக்குப் பயந்து ராத்திரி யாருக்கும் தெரியாம ஊசி போட்டுட்டு காலைல அதே கேன்ல கலக்கறாங்க, உண்மையிலயே சர்டிபிகேட் போறது அங்கதான்.

"மந்தை சுகாதாரத் திட்டம்"னு ஒரு ஃபைலும் ஏஜென்ட் காசு வாங்கிட்டுக் குடுத்திருப்பாரே, பத்துப் பண்ணைக்கும் ஒரே ஜெராக்ஸ், மாட்டு எண்ணிக்கையக் கூட மாத்தியிருக்க மாட்டாங்க. அதத் தூக்கி வெச்சுட்டு ஒரு நோட்டு போடுங்க. காதுத்தோடு நம்பர், என்ன நோவு, மருந்துப் பேர், பேட்ச் நம்பர், போட்ட டாக்டர், கடைசி ஊசித் தேதி, பால் திரும்பற தேதி. தமிழ்லயே எழுதுங்க, காலி மருந்துப் பாட்டிலோட லேபிள உரிச்சு அதே பக்கத்துல ஒட்டுங்க. கோமாரித் தடுப்பூசிக்கும் ஒரு வரி எழுதுங்க, தடுப்பூசிக்குத் தடை இல்லைங்க. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு மாடு வெச்சிருக்கறவங்க கையில இங்கிலீஷ் ஃபாரத்தத் திணிக்கறாங்க பாருங்க, அதுதான் ஏஜென்டுக்குச் சோறு போடுது. மீனாட்சிபுரம் செக்போஸ்ட்ல பால் வண்டிய நிறுத்தி டெஸ்ட் பண்ணத் தெரியுது, விதிய ஒரு பக்கம் தமிழ்லயும் மலையாளத்துலயும் அடிச்சு சொசைட்டிச் சுவத்துல ஒட்ட ஏன் இத்தனை வருஷம்?

மத்த அஞ்சு மாட்டுக்கும் வராம இருக்க, நோவு மாட்டைக் கடைசியாக் கறங்க, கறந்ததும் காம்பை அயோடின் தண்ணில முக்குங்க, கறந்த கையோட தீனி போட்டு அரை மணி நேரம் நிக்க வைங்க, காம்புத் துவாரம் மூடறதுக்கு முன்னாடி படுத்தா சாணியில இருக்கறது உள்ள போயிரும். ஈத்துக்கு முன்னாடி பால் வத்த விடற சமயத்துல எல்லா மாட்டுக்கும் மடியில ட்யூப் ஏத்தச் சொல்லுவாங்க, நோவில்லாத மாட்டுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போடறது ஆர்கானிக்ல ஆகாதுங்க. இப்ப நோவு வந்த மாட்டுக்கு மட்டும் ஏழாம் மாசச் சினையில பால் சாம்பிள் எடுத்துக் குடுத்து, ரிசல்ட் வந்தப்புறம் டாக்டர்கிட்டக் கேட்டு முடிவு பண்ணுங்க.